ஆவி அழுத்தம்: கூலிம் வட்டாரக் கேள்விகளும் என் பதில்களும்

மூடிய கலத்தில் ஒரு பொருளிலிருந்து கிளம்பும் ஆவி தரும் அழுத்தம்தான் ஆவி அழுத்தம். உலோகம் சேர்ந்த வேதிப்பொருள்களில் அதை எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். மலேசியாவில் நம் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பிள்ளைகள்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். லூனாஸ், பாடாங் செராய் பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. நல்லதுதான்.

சார், இரும்பு ஆவியாகிப் பார்த்ததில்லை. இரும்பு இருக்கும் ஃபெரோசீன் மட்டும் எப்படி ஆவியாகிறது? (ஆறாம் படிவ மாணவி, கூலிம்)

இரும்புக் கட்டியில் அணுக்கள் ஒன்றையொன்று உலோகப் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபெரோசீனில் ஒற்றை இரும்பு அணுவை மேலும் கீழும் இரண்டு கார்பன் வளையங்கள் மூடியிருக்கின்றன. பக்கத்து மூலக்கூறின் கண்ணில் இரும்பு படுவதே இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பு பலவீனமானது, அதனால் திடநிலையிலிருந்தே நேராக ஆவியாகும். 25 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 1 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்ன அழுத்தத்தை எந்த மானியில் பார்ப்பது? (அதே மாணவி)

சரியான இடத்தில் பிடித்தாய், மா. பாதரச மானி உதவாது. 1 பாஸ்கலுக்குப் பாதரசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட நகராது. போதாக்குறைக்கு 25 டிகிரியில் பாதரசத்துக்கே கால் பாஸ்கல் ஆவி அழுத்தம் உண்டு. அதனால் இங்கே அழுத்தத்தை நேரடியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு எடையைப் பார்ப்பார்கள்.

ஒரு வழி, 1909-இல் டென்மார்க் இயற்பியலாளர் நுட்சன் காட்டியது. பொருளைச் சின்ன உலோகக் கூட்டில் வைத்து, மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை போட்டு, வெற்றிடத்தில் வைக்க வேண்டும். துளை வழியாக எவ்வளவு நேரத்தில் எவ்வளவு எடை போனது என்று தெரிந்தால் உள்ளே இருந்த அழுத்தம் கணக்கில் வந்துவிடும். துளை மிகச் சின்னதாக இருக்க வேண்டும். மூலக்கூறுகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளாமல் வெளியேறினால்தான் சூத்திரம் செல்லும்.

இன்னொரு வழி, நைட்ரஜனைப் பொருளின் மேல் மெதுவாக ஓடவிட்டு, அது சுமந்து வரும் ஆவியைக் குளிர்ந்த குழாயில் பிடித்து நிறுப்பது. 25 டிகிரியில் 100 லிட்டர் நைட்ரஜன் சுமந்து வரும் ஃபெரோசீன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். கொஞ்சம் சூடாக்கினால் வேலை சுலபம்: 40 டிகிரி கூட்டினால் அழுத்தம் முப்பது மடங்குக்கு மேல் ஏறும். வாயு வேகமாக ஓடினால் நிறைய ஆவியை வாங்காமலே போய்விடும். ரொம்ப மெதுவாக ஓடினால் ஆவி தானாகப் பரவி, கணக்கை ஏற்றிவிடும். இரண்டுக்கும் நடுவே, வேகத்தை மாற்றினாலும் விடை மாறாத ஒரு பகுதி இருக்கும். அதைக் காட்டாத அளவீட்டை நான் நம்பமாட்டேன்.

அண்ணே, டிரைமெத்தில்காலியம் பப்ளர் (வாயுவைப் பொருளுக்குள் ஓடவிட்டு ஆவியைச் சுமந்துவரச் செய்யும் கலம்) ஒழுங்காக ஓடுகிறது. டிரைமெத்தில்இண்டியம் மட்டும் வெப்பநிலை மாறாமலே நாளாக நாளாகக் குறைவாக வருகிறது. ஆவி அழுத்தம் குறைகிறதா? (எல்.இ.டி. சிப் தொழில்நுட்பர்)

இல்லை, தம்பி. வெப்பநிலை மாறாவிட்டால் ஆவி அழுத்தமும் மாறாது. காலியச் சேர்மம் திரவம், 0 டிகிரியிலேயே சுமார் 68 டார் (ஒரு டார் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தம்). டிரைமெத்தில்இண்டியம் 88 டிகிரிவரை உருகாத திடப்பொருள், 20 டிகிரியில் 1.7 டார்தான். வாயு அதன் துகள்களுக்கு நடுவே வழி அறுத்துக்கொண்டு போகும், மேற்பரப்பு குறையும், ஆவி நிறையாத வாயு வெளியே வரும். ஓட்டத்தைக் குறைத்துப் பார். வாயுவில் ஆவியின் விகிதம் ஏறினால் இதுதான் காரணம். அதனால்தான் குழாயில் ஒலியலை மானி வைத்து, வரும் விகிதத்தை அப்போதைக்கப்போது அளக்கிறார்கள்.

இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கலாமா? (மாணவர், லூனாஸ்)

டிரைமெத்தில்காலியமா? கூடவே கூடாது. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும்.

தம்பி, அந்தக் காலத்தில் மயில்துத்தச் சாக்குத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி இருக்கும். மேல் சாக்கு வெளுத்துவிடும், அடிச்சாக்கு நீலமாகவே இருக்கும். செம்பு ஆவியாகிப் போனதா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, பாடாங் செராய்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஐயா. மயில்துத்தம் என்பது தண்ணீர் சேர்ந்த செம்பு சல்பேட். செம்பு எங்கேயும் போகவில்லை. போனது படிகத்துக்குள் இருந்த தண்ணீர். மயில்துத்தத்தை மூடிய கலத்தில் வைத்து ஆவி அழுத்தம் அளந்தால் வருவது தண்ணீரின் கணக்குத்தான்.

25 டிகிரியில் அது சுமார் 8 மில்லிமீட்டர் பாதரசம். நம் ஊர்க் காற்றில் ஈரமே அதைவிட அதிகம், பெரும்பாலும் 20-க்கு மேல். அதனால் நிழலில் உள்ள அடிச்சாக்கு வெளுக்காது. 50 டிகிரியில் 47 ஆகிவிடும். வெயிலில் காய்ந்த தகரத்துக்குக் கீழே அந்தச் சூடு வரும்போது காற்றின் ஈரத்தால் தடுக்க முடியாது, தண்ணீர் கிளம்பிவிடும். இன்னொன்றும் உண்டு: ஐந்து தண்ணீரில் இரண்டு போகும்வரை அழுத்தம் 47-லேயே நிற்கும், அப்புறம் சட்டென்று 30-க்கு இறங்கி அடுத்த இரண்டு போகும்வரை அங்கே நிற்கும். படிப்படியாக இறங்குவதால், உள்ளே எத்தனை தண்ணீர் மிச்சமுள்ள உப்பு இருக்கிறது என்று தெரியாமல் ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்துப் பயனில்லை.

மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஆபத்தா? (ஒரு தாயார், கூலிம்)

பொருளைப் பொறுத்தது, அக்கா. நிக்கல் கார்போனைல் 43 டிகிரியில் கொதிக்கும், கடும் விஷம். டைமெத்தில் பாதரசம் அதைவிட மோசமாக ஏமாற்றும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியலாளர் காரென் வெட்டர்ஹான் 1996-இல் அதைக் கையாண்டபோது சில துளிகள் கையுறை மேல் விழுந்தன. மறு ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். போட்டிருந்தது லேடெக்ஸ் கையுறை, நாம் பால் வெட்டி அனுப்பும் அதே ரப்பர். இந்தச் சேர்மம் அதற்குள் நொடிகளில் புகுந்துவிடும் என்று பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். மகள் தாராளமாகப் போகட்டும். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று தினமும் கேட்கும் ஆய்வுக்கூடமாகப் பார்த்துச் சேரட்டும்.

ஒரே சேர்மத்துக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு எண். எதை எடுப்பது? (பல்கலைக்கழக மாணவர்)

எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 80 டிகிரியில் அளந்து வரைபடக் கோட்டை 25-க்கு நீட்டியிருந்தால் அந்த எண் அளந்தது இல்லை, கணித்தது. அடுத்து, சூடாக்கி அளந்த பிறகு குளிரவைத்தும் அளந்தார்களா? குளிர்ந்த பிறகும் அழுத்தம் பழைய இடத்துக்கு இறங்கவில்லை என்றால் பொருள் சிதைந்து வாயு விட்டிருக்கிறது, அல்லது கருவியில் கசிவு. கடைசியாக, அதே கருவியில் ஆவி அழுத்தம் நன்றாகத் தெரிந்த ஃபெரோசீனையோ பென்சோயிக் அமிலத்தையோ அளந்து காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். காட்டியவர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.