உங்கள் காலத்துப் பாடசாலைகளில் விவாத மன்றம் எப்படி நடந்தது?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் புதிதாக மன்றம் தொடங்கப் போகிற ஆசிரியர் போலத் தெரிகிறது. மண்டபமும் மைக்கும் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

நான் 1997இல் இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள மல்லாவியில் உயர்தரம் படித்தேன். 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து வந்த பாடசாலை எங்களுடையது. காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் நாங்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடமும் மாணவர் மன்றம். கிடுகுக் கொட்டிலுக்குள் வாங்குகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டால் மேடை தயார். பேச்சாளரின் நேரம் முடிந்தால் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஒரு அடி. குறிப்பெல்லாம் பழைய கொப்பியின் ஓரத்தில், பென்சிலால்.

பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள் இதெல்லாம் ஒரு மன்றமா என்று கேட்கலாம். கேட்கட்டும். எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம்.

ஒருநாள் தலைப்பு, 'இடம்பெயர்ந்த மாணவனுக்கு இப்போது முதலில் வேண்டியது படிப்பா, தொழிலா?' எனக்குத் தொழில் விழுந்தது. அப்பா அப்போது வவுனிக்குளத்தில் குத்தகைக்கு வயல் செய்துகொண்டிருந்தார். அவருடைய வெடித்த குதிக்கால், உர விலை, கடன் எல்லாவற்றையும் சொல்லி, 'இந்த மனிதரைத் தனியே வயலில் விட்டுவிட்டு நான் எப்படிப் புத்தகம் விரிப்பேன்?' என்று கேட்டேன். கொட்டிலே அமைதியாகிவிட்டது. எங்கள் அணி வென்றது.

வெளியே வந்தால், என்னை ஏற்றிப் போக வந்த அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். குளக்கட்டு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி, அங்க சொன்னதெல்லாம் மெய்யா நினைச்சுத்தான் சொன்னியோ?"

"இல்லை அப்பா, சீட்டில விழுந்தது."

கொஞ்சத் தூரம் மிதித்தார். "எனக்குப் பயமாப் போச்சு," என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பஸுக்குப் போனபோது 'கோட்டாவில் வந்த வன்னிப் பெடியன்', அதாவது திறமையால் இல்லை, மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள்தான் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகின்றன. 55 சதவீதத்தை எல்லா மாவட்டங்களுக்கும்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த போர்க்காலத்தில், மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவனிடம் போய் இதைச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது போட்டிகளுக்கு ஆசிரியர் எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் பாடமாக்கி ஒப்பிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். தலைப்பை அன்று காலையில் சொல்லுங்கள், சீட்டைக் கடைசிப் பாடத்துக்குச் சற்று முன்னால் குலுக்குங்கள். மணிக்கு ஒரு இரும்புத் துண்டு போதும்.