பிளிட்ஸ் சதுரங்கம்: ஓப்பனிங்கும் கடிகாரமும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இணையத்தில் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டங்களைத்தான் அதிகம் ஆடுகிறேன். யூடியூப்பில் பார்த்த ஓப்பனிங்குகள் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசைகள்) பலவற்றை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் ரேட்டிங் பல மாதங்களாக ஒரே இடத்தில் நிற்கிறது. இன்னும் எதைப் படிக்க வேண்டும்?
– உயர்தர வகுப்பு மாணவர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, புதிதாக ஒன்றைப் படிப்பதைவிட, படித்தவற்றுள் பெரும்பகுதியைக் கைவிடுவதே உங்களுக்கு இப்போது உதவும். மூன்று நிமிடம் என்பது 180 செக்கன். ஓர் ஆட்டம் நாற்பது நகர்வுகள் வரை நீள்வதாக வைத்துக்கொண்டால் ஒரு நகர்வுக்குக் கிடைப்பது நாலரைச் செக்கன். முதல் பத்து நகர்வுகளைப் பதினைந்து செக்கனில் முடித்துவிடுபவருக்கு மீதி முப்பது நகர்வுகளுக்கும் ஐந்தரைச் செக்கன் வீதம் இருக்கும். அதே பத்து நகர்வுகளுக்கு ஒரு நிமிடத்தைச் செலவிட்டவருக்கு நான்கு செக்கன்தான் மிஞ்சும். பிளிட்ஸில் ஓப்பனிங் செய்ய வேண்டிய வேலை, இந்த நேரத்தை மிச்சம் பிடித்து நடு ஆட்டத்துக்குத் தருவதாகும். எதிராளியை எட்டாவது நகர்விலேயே வீழ்த்துவதற்காக மட்டும் படித்த ஓப்பனிங், எதிராளி அந்தப் பொறியில் விழாத நாளில் உங்களை நட்டாற்றில் விட்டுவிடும்.

ஆகவே வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் ஈ4 நகர்வுக்கு எதிராக ஒன்று, டி4 நகர்வுக்கு எதிராக ஒன்று என மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (பலகையில் கட்டங்களின் பெயர், ஏ முதல் எச் வரையான நிரலின் எழுத்தும் 1 முதல் 8 வரையான வரிசையின் எண்ணும் சேர்ந்தது. ஈ4 என்றால் சிப்பாய் அந்தக் கட்டத்துக்கு நகர்கிறது.) வெள்ளைக்கு இலண்டன் சிஸ்டம் போதும். டி4, பிஷப் எஃப்4, ஈ3, குதிரை எஃப்3, சி3 என்ற ஒரே அமைப்பை எதிராளி எதை ஆடினாலும் பெரும்பாலும் அமைத்துவிடலாம். கறுப்பில் ஈ4 நகர்வுக்குக் கேரோ-கான், அதாவது முதலில் சி6, அடுத்து டி5. டி4 நகர்வுக்கு ஸ்லாவ், அதாவது முதலில் டி5, அடுத்து சி6. இவை இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் சிப்பாய்கள் நிற்கும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் பழகிய கண் மற்றதிலும் தடுமாறாது.

வரிசையை மட்டும் மனப்பாடம் செய்து காரணத்தை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கேரோ-கானிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஈ4 சி6, டி4 டி5, குதிரை சி3, கறுப்பு ஈ4இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை அதைத் திரும்ப வெட்டுகிறது. இப்போது கறுப்பு குதிரையை டி7இல் வைப்பது நல்ல நகர்வே. அடுத்து மற்றக் குதிரை எஃப்6க்கு வர வேண்டும் என்பதும் பாடம். ஆனால் வெள்ளை ஐந்தாவது நகர்வில் ராணியை ஈ2இல் வைத்திருக்கும்போது, அதைக் கவனியாமல் பாடத்தை ஒப்புவித்தால் குதிரை டி6 என்று ஆறாவது நகர்விலேயே செக்மேட். ஈ7இல் நிற்கும் சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. அது விலகினால் ராணியின் பார்வை நேரே ராசாமீது விழும். ராசாவைச் சுற்றியுள்ள கட்டங்களோ அவருடைய சொந்தப் படையால் அடைபட்டிருக்கின்றன. வெள்ளை ராணி ஈ2இல் ஏன் வந்தது என்று இரண்டு செக்கன் யோசித்தால், எஃப்6க்கு ஓடாமல் முதலில் ஈ6 ஆடி ராசாவுக்கு வழிவிடத் தோன்றும். மனப்பாடம் மிச்சப்படுத்தித் தரும் நேரம் இத்தகைய இரண்டு செக்கன்களுக்காகத்தான்.

கேள்வி: நான் இலண்டன் சிஸ்டம்தான் ஆடுகிறேன். ஆனால் டி4 என்றதும் உடனே ஈ5 ஆடுபவர்களிடம் அடிக்கடி தோற்கிறேன். இதற்கு என்ன மருந்து?
– வாசகர், கல்முனை

பதில்: உங்களைத் தோற்கடிப்பது எங்லுண்ட் கம்பிட், அதாவது தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங். நீண்ட நேர ஆட்டத்தில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. பிளிட்ஸில் மட்டும் அது உயிரோடு உலவுகிறது. இலண்டன் ஆடுபவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டாவது நகர்வான பிஷப் எஃப்4ஐ முன்கூட்டியே பதிந்து வைப்பதுண்டு. ப்ரீமூவ் எனப்படும் அந்த வசதி இங்கே ஆபத்தாகிறது, ஏனென்றால் ஈ5இல் நிற்கும் சிப்பாய் அந்தப் பிஷப்பை அப்படியே வெட்டிவிடும். எதிராளியின் முதல் நகர்வைக் காணும்வரை ப்ரீமூவ் செய்யாதீர்கள். ஒரு செக்கன் போவதால் குடி முழுகிவிடாது.

அடுத்த பொறி இதைவிட நுட்பமானது. நீங்கள் ஈ5 சிப்பாயை வெட்டுகிறீர்கள். கறுப்பு குதிரை சி6, நீங்கள் குதிரை எஃப்3, கறுப்பு ராணி ஈ7, நீங்கள் பிஷப் எஃப்4. உடனே ராணி பி4க்குப் பாய்ந்து செக் கொடுக்கிறது. அதே நேரத்தில் எஃப்4இல் உள்ள பிஷப்பையும், பி2இல் உள்ள சிப்பாயையும் குறிவைக்கிறது. பிஷப்பை டி2க்கு இறக்கி மறைக்கிறீர்கள். ராணி பி2 சிப்பாயை வெட்டுகிறது. இந்த இடத்தில் ராணியைத் துரத்துவதாக நினைத்துப் பிஷப்பை சி3இல் வைப்பவர்கள்தான் தோற்கிறார்கள். கறுப்புப் பிஷப் பி4க்கு வரும். உங்கள் பிஷப்புக்குப் பின்னால் ராசா நிற்பதால் அது ராணியை வெட்ட முடியாது. ராணியை டி2இல் வைத்துக் காத்தால், கறுப்பு சி3இல் வெட்ட, நீங்கள் ராணியால் திரும்ப வெட்ட, கறுப்பு ராணி சி1இல் இறங்கி மேட் வைத்துவிடும்.

சரியான நகர்வு குதிரை சி3. கறுப்புப் பிஷப் பி4க்கு வந்தால் யானையை பி1க்கு நகர்த்துங்கள். ராணி ஏ3க்கு ஓடும். யானையை பி3க்கு ஏற்றி மீண்டும் துரத்துங்கள். தனியாக அலைந்த அந்த ராணி திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும். இந்த வரிசை ஒன்றை மட்டும் கைப்பழக்கமாகும்வரை பலகையில் வைத்துப் பாருங்கள். இது மனப்பாடம் செய்யத் தகுந்த சிலவற்றுள் ஒன்று.

கேள்வி: புதிர்களாகக் கொடுத்தால் என் மாணவர்கள் நல்ல உத்திகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆட்டத்தில் மட்டும் அவை அவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏன்?
– ஆசிரியர், சம்மாந்துறை

பதில்: புதிரில், இங்கே ஒன்று இருக்கிறது என்று எவரோ முன்பே சொல்லிவிடுகிறார், ஆட்டத்தில் சொல்ல ஆளில்லை. எனவே எப்போது தேட வேண்டும் என்பதைத்தான், ஆசிரியரே, நீங்கள் கற்பிக்க வேண்டும். என் அனுபவத்தில் மிக நம்பகமான அடையாளம் காவலில்லாத காய். எதிராளியின் காய் ஒன்று எவருடைய பாதுகாப்பும் இல்லாமல் நிற்பதைக் கண்டதும், ராசாவுக்கு செக் கொடுத்தபடியே அதையும் தாக்க வழியுண்டா என்று பார்க்கப் பழக்குங்கள்.

இதற்கு மிகச் சிறிய உதாரணம்: வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை பிஷப் ஜி5, கறுப்பு சி6. வெள்ளை யோசிக்காமல் ஈ3 ஆடினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது போலத்தான். கறுப்பு ராணி ஏ5க்கு வந்து செக் கொடுக்கும். அதே வரிசையின் மறுகோடியில் ஜி5இல் நிற்கும் பிஷப்புக்குக் காவல் இல்லை. பிஷப்பே டி2க்குத் திரும்பி செக்கை மறைக்கலாமே என்றால், சற்று முன் ஆடிய ஈ3 சிப்பாய் அதன் பாதையை அடைத்துவிட்டது. சி6 என்ற சிப்பாய் நகர்வு ராணிக்கு மூலைவிட்டத்தைத் திறந்தது என்பதை வெள்ளை கவனித்திருந்தால் குதிரையை எஃப்3இல் வைத்திருக்கும். பிஷப்புக்கும் காவல் கிடைத்திருக்கும். எதிராளியின் ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும், அது எந்தப் பாதையைத் திறந்தது, எந்தக் காயின் காவலை நீக்கியது என்று மாணவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். வகுப்பில் வாய்விட்டுச் சொன்னது பிளிட்ஸில் மனத்துக்குள் தானாகவே ஓடும்.

லிசெஸ் தளத்தில் புதிர்களை வகைப்படி பிரித்து இலவசமாகத் தருகிறார்கள். அவற்றுள் காவலில்லாத காய், இரட்டைத் தாக்குதல், கடைசி வரிசை மேட் ஆகிய மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிஷப்பைப் பலியிட்டு ராசாவை வெளியே இழுக்கும் அழகான தாக்குதல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெல்லும் நிலைக்கு வந்த பிறகு நேரம் முடிந்து தோற்றுப்போகிறேன். மனம் மிகவும் வெறுத்துப்போகிறது.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, முதலில் ஆட்ட வகையை மாற்றுங்கள். உலக பிளிட்ஸ் சம்பியன்ஷிப்பே மூன்று நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு செக்கன் கூட்டிக் கொடுத்துத்தான் நடத்தப்படுகிறது. நாற்பது நகர்வுகளுக்கு அது மேலதிகமாக 80 செக்கன் தரும். அந்த வகையில் ஆடினால் வென்ற நிலையை வெற்றியாக முடிக்க இயலும்.

அடுத்தது, முடிக்கும் கலை. ராணியும் ராசாவும் சேர்ந்து தனி ராசாவை மேட் வைப்பதைக் கணினியோடு திரும்பத் திரும்ப ஆடி, யோசிக்காமல் கை செய்யும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எதிராளியின் ராசா மூலைக் கட்டத்தில் தனியே நிற்கும்போது உங்கள் ராணி அதிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் நிற்கக் கூடாது. ராசா ஏ8இல், ராணி பி6இல் என்றால் செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். அவசரத்தில் அதிகம் பேர் வெற்றியைத் தொலைப்பது இந்த ஒரு கட்டத்தில்தான்.

நேரம் மிகக் குறைந்துவிட்டால் மேட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் எதிராளியின் கடைசிச் சிப்பாயையும் கடைசிக் காயையும் வெட்டிவிடுங்கள். அவரிடம் தனி ராசா மட்டுமே இருந்தால், உங்கள் நேரம் முடிந்தாலும் ஆட்டம் சமனாகுமே தவிர நீங்கள் தோற்கமாட்டீர்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் மாலை முழுவதும் கைத்தொலைபேசியில் பிளிட்ஸ் ஆடுகிறான். இது அவனுடைய ஆட்டத்தைக் கெடுத்துவிடுமா?
– ஒரு தாயார், ஆரையம்பதி

பதில்: பிளிட்ஸ் எவரையும் தானாகக் கெடுப்பதில்லை. விசுவநாதன் ஆனந்த் சிறு வயதில் மின்னல் வேகத்தில் ஆடியதற்காகவே பெயர் பெற்றார். பின்னாளில் உலக சம்பியனும் ஆனார். ஆயினும் உங்கள் மகனின் வயதில் பிளிட்ஸ் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆழமாக யோசித்துப் பழகிய ஒருவருக்கே வேகமாக யோசிக்க ஏதேனும் இருக்கும். பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்துச் செக்கனும் கொண்ட ஆட்டம் ஒன்றை நாள்தோறும் முதலில் ஆடட்டும். பிளிட்ஸ் அதன் பின்னர். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தோல்வியின் கோபத்தோடு தொடங்கும் மூன்றாவது ஆட்டத்தில் எவரும் எதையும் கற்பதில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கணினி ஆய்வைத் திறந்து, ஆட்டம் எந்த நகர்வில் கைமாறியது என்பதை மட்டும் அவனே உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போது அவனுக்கே விளங்கும்.

கேள்வி: மார்கழி மழையில் இணைப்பு துண்டித்துப் போகிறது. கடிகாரம் நிற்குமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: நிற்காது. லிசெஸ் சிறு தாமதங்களை ஓரளவு ஈடுசெய்யும். இணைப்பு முற்றாகப் போனால் உங்கள் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், சற்றுப் பொறுத்து எதிராளி வெற்றியைக் கோரவும் முடியும். அத்தகைய நாட்களில் புதிர்களோடு நின்றுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் மட்டுமே ஆடிய எங்கள் பிள்ளைகள் முதன்முறையாகப் பலகையில் பிளிட்ஸ் போட்டிக்குப் போகிறார்கள். எதை அவதானிக்க வேண்டும்?
– விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர், ஏறாவூர்

பதில்: இணையத்தில் பத்து நிமிட ஆட்டத்தை ரெபிட் என்று வகைப்படுத்துகிறார்கள், சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் விதிப்படி பத்து நிமிடமும் அதற்குக் குறைந்ததும் பிளிட்ஸ். பிள்ளைகள் குழம்பாமல் இருக்க இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பெரிய வேறுபாடு என்னவென்றால், இணையத்தில் தவறான நகர்வை ஆடவே முடியாது, பலகையில் முடியும். தன் ராசா செக்கில் இருப்பதைக் காணாமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது முறையும் அப்படி நேர்ந்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். இரண்டு கைகளையும் பயன்படுத்திக் கோட்டை கட்டுவதும் தவறான நகர்வாகவே தண்டிக்கப்படும். வலக்கையால் காயும் இடக்கையால் கடிகாரமுமாக ஆடும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. போட்டிக்கு முன்னைய வாரம் முழுவதும் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, உண்மையான கடிகாரத்தோடு ஆட வையுங்கள்.

சிப்பாய் எட்டாவது வரிசையை அடையும்போது பக்கத்தில் ராணி இல்லையென்றால் யானையைத் தலைகீழாக வைப்பது ஊர் வழக்கம். விதிப்படி அது யானைதான். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் ஒரு ராணியைக் கேட்டுப் பெற ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதற்குப் பிள்ளைகள் கூச்சப்படாதிருக்க, பயிற்சியின்போதே ஒருமுறை கேட்க வைத்துப் பாருங்கள்.