"ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

மனநலம்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மனநலப் பிரிவில் இரண்டு வாரம் போஸ்டிங் போட்டிருக்கிறார்கள். "அதற்குத் தனித் தேர்வு கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய் மெடிசின் படி" என்கிறார்கள் சீனியர்கள். மனநல மருத்துவராகும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
— ஒரு மாணவர், சேலம்

பதில்: தேர்வைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். பல்கலைக்கழகத் தேர்வில் மனநல மருத்துவத்துக்குத் தனித்தாள் இல்லை. பொது மருத்துவத்தின் தாளுக்குள் ஒரு சிறு பங்காக வந்துபோகிறது. தேர்வில் வராததை எந்த மாணவரும் கண் விழித்துப் படிக்கப்போவதில்லை, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடத்திட்டம் வகுப்பவர்கள் திருத்த வேண்டிய குறை அது. பணியில் இருந்த காலம் முழுக்க, கூட்டந்தோறும் எழுந்து இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பயிற்சி மருத்துவராக இருக்கும் காலத்தில் மனநலப் பிரிவில் இரண்டு வாரம் கட்டாயம். முன்பு அது விருப்பப் பிரிவுகளில் ஒன்றாக மட்டுமே இருந்தது.

நான் 1979-இல் மருத்துவம் சேர்ந்தவள். சொந்த ஊர் அம்மாப்பேட்டை, படித்தது வெளியூரில். எங்களுக்கு மனநலப் பாடம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். நோயாளி ஒருவரை வகுப்பறை மேடைக்கு அழைத்துவந்து, நூறு பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஒரு நாள் வந்தவர் நெசவாளி. ஊர் எது என்று கேட்டபோது "சேலம், அம்மாப்பேட்டை" என்றார். தறிச் சத்தத்துக்கு நடுவே யாரோ தன்னைப் பேர் சொல்லித் திட்டுவது கேட்கிறது, தறியை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை தோள்துண்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வெளியே போகும்போது முதல் வரிசையில் இருந்த என்னிடம், "பாடம் முடிந்ததா அம்மா, நான் போகலாமா?" என்று கேட்டார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பின்னாளில் நான் மனநலம் எடுத்துப் படித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி உங்கள் இரண்டு வாரம். நீங்கள் எலும்பு மருத்துவராகப் போவதாகவே வைத்துக்கொள்வோம். கால் முறிந்து வார்டில் சேர்ந்த ஒருவர், மூன்றாம் நாள் இரவு கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். உடம்பு நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தினமும் குடித்துவந்தவருக்குக் குடி திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வரும் சன்னி அது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். கவனித்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடுவார். வார்டில் சேர்த்த அன்றே "எவ்வளவு குடிப்பீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரானாலும் இதே கதைதான். பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழும் தாய்மார்கள் நிறையப் பேர், அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் தூக்கமே இல்லாமல், "இது என் குழந்தை இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத மருத்துவரிடம் நம் வீட்டுப் பெண்ணை எப்படி ஒப்படைப்பது?

ஆகவே நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். தினமும் ஒரே ஒரு நோயாளியோடு, அவர் வீட்டாரோடு, வார்டின் மர பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். என் மாணவர்கள் "மனப் பதற்றம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக்கொண்டு வருவார்கள். அடித்துவிட்டு மறுபடி போய்க் கேட்டுவரச் சொல்வேன். "நெஞ்சுக்குள் பந்து உருளுகிறது", "உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது", "வெள்ளிக் கொலுசுக்குப் பற்ற வைக்கும்போது கை நிற்க மாட்டேன் என்கிறது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நம் மக்கள் மனத்தின் வலியை உடம்பின் மொழியில்தான் சொல்கிறார்கள். அந்த மொழி தெரியாமல் சேலத்தில் எந்தப் பிரிவிலும் வைத்தியம் பார்க்க முடியாது.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் வேலை செய்கிறேன். என் மனைவிக்கு 34 வயது. ஓராண்டாக, திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, செத்துவிடுவேன் என்று அலறுகிறாள். கால் மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. சேலத்துக்கு இறங்கி மூன்று இடத்தில் ஈ.சி.ஜி., இரண்டு முறை எக்கோ எடுத்தாயிற்று. எல்லா டாக்டரும் "ஒன்றுமில்லை" என்கிறார்கள். பஸ்ஸில் மலை இறங்கவே இப்போது பயப்படுகிறாள். காற்று கறுப்பு என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய சொல் அந்த "ஒன்றுமில்லை". செத்துவிடுவேன் என்று அலறுகிறவருக்கு ஒன்றுமில்லையா? இதயத்தில் கோளாறு இல்லை என்பதுதான் அந்த மருத்துவர்கள் சொல்ல வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டால், "அப்படியானால் நான் நடிக்கிறேனா?" என்று உங்கள் மனைவி நினைப்பார். "நடிக்கிறாள்" என்று வீட்டார் நினைப்பார்கள். அடுத்த ஈ.சி.ஜி.க்கு வேறொரு மருத்துவமனையைத் தேடுவீர்கள். அவர்கள் கெட்ட மருத்துவர்கள் அல்லர். இதயம் சரி என்று தெரிந்த பிறகு எந்தக் கேள்வி கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேலே அந்த மாணவருக்கு அவ்வளவு நீளமாக எழுதியதற்கு உங்கள் கடிதமும் ஒரு காரணம்.

கடிதத்தைப் படித்து நோயை முடிவு செய்வது முறையில்லை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். அந்த இரண்டு பரிசோதனைகளும் செய்தாயிற்றா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால், நீங்கள் விவரித்திருப்பது பீதித் தாக்கம் போலத் தெரிகிறது. நம் உடம்பில் ஆபத்துக்கு அடிக்கும் மணி ஒன்று உண்டு. பாம்பைக் கண்டால் அது அடிக்க வேண்டும். இந்த நோயில் பாம்பு இல்லாமலே அடித்துவிடுகிறது. நெஞ்சு படபடப்பதும் மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் எல்லாம் மெய்யாகவே நடக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடும். எங்கே முன்பு வந்ததோ அந்த இடத்துக்குப் போகவே பயம் வருவதும் இந்த நோயின் இயல்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நடுவழியில் வந்தால் யார் காப்பாற்றுவார்கள் என்ற பயத்தில்தான் அவர் பஸ் ஏற மறுக்கிறார்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். அன்றைக்கு இதமாக இருக்கும், சில வாரத்தில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும். மூச்சை மெல்ல விடப் பழகுவதும், பயந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவதும் மருந்துக்குச் சமமான பலன் தரும் பயிற்சிகள். முதலில் லேடீஸ் சீட் வரை, பிறகு அடிவாரம் வரை என்று உடன் போய்ப் பழக்குங்கள். காபித் தோட்டத்துக்காரரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: உங்கள் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி குடிக்கிறார்? காபி படபடப்பைக் கூட்டும், குறைத்துப் பாருங்கள்.

சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மலைக்கு வரும் நாள் உண்டா என்று ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளின் மருத்துவ அலுவலர் ஒவ்வொருவருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையும் அவசர சிகிச்சையும் கற்பிக்கச் சொல்கிறது. அது முழுமையாக நடந்தால் உங்களைப் போன்றவர்கள் ஓராண்டு அலைய நேராது. கோயிலுக்குப் போவது உங்கள் மனைவிக்கு ஆறுதல் தருமானால் போய்வாருங்கள். சேர்வராயன் சாமியைக் கும்பிடுவதற்கும் மாத்திரை சாப்பிடுவதற்கும் பகை ஒன்றுமில்லை. காற்று கறுப்பு என்று சொல்லி அவரை அடிக்கவோ பட்டினி போடவோ மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: மனநல மருத்துவர், உளவியலாளர் இருவரும் ஒன்றா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழப்பாடி

பதில்: இல்லை ஐயா. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்றாண்டு எம்.டி. மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்து, பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் துறை. பலருக்கு இருவருமே தேவைப்படுவார்கள்.

கேள்வி: மருத்துவக் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். என் அறைத்தோழன் ஒரு மாதமாக வகுப்புக்கு வருவதில்லை, சாப்பிடுவதில்லை. நேற்று தன் ஸ்டெதாஸ்கோப்பை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டான். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். சாக நினைக்கிறாயா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே தூண்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினோம். உங்கள் தோழன் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். இருவர் சம்மதத்தோடும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இதை இங்கே எழுதுகிறேன்.

கேட்பதால் எண்ணம் வராது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். பல நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள். பதில் "ஆம்" என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், வாதம் செய்யாதீர்கள், தனியே விடாதீர்கள். அறையில் இருக்கும் மருந்துகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். விடுதிக் காப்பாளருக்கோ நம்பும் ஆசிரியர் ஒருவருக்கோ அன்றே சொல்லுங்கள். உயிரைக் காக்கச் சத்தியத்தை மீறினால் பிறகு கோபித்துக்கொள்ளட்டும், கோபித்துக்கொள்ள அவர் உயிரோடு இருப்பார். போலீஸ் வழக்கு என்றும் பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கையில், பதிலளித்த இளநிலை மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனநலப் பாடத்தை நூலகத்துக்குத் தள்ளிவிடச் சொல்லும் சீனியர்கள் தங்கள் விடுதி வராந்தாவில் ஒருமுறை நடந்துபார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு மனநலம்தான் எடுப்பேன் என்கிறாள். தோல் மருத்துவம் எடுக்கச் சொல்கிறோம். "பைத்தியக்கார டாக்டர்" என்று பேர் வந்தால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள் உறவினர்கள்.
— ஒரு தாய், சூரமங்கலம்

பதில்: அம்மா, இதே பேச்சை என் தாயும் கேட்டார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைத் தலைமையேற்று நடத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கி, 2021-இல் மறையும் வரை மனநோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். பத்ம பூஷண் விருதும் பெற்றார். உறவினர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் மகளோடு வாழ வருகிறவர் அவள் வேலையைக் கேட்டு முகம் சுளித்தால், அது கல்யாணத்துக்கு முன்பே தெரிவது நல்லது.

முடிவெடுக்கும் முன் மகளை உட்காரவைத்து, "எந்த நோயாளியைப் பார்த்து இந்த எண்ணம் வந்தது?" என்று கேளுங்கள். நிச்சயம் ஒருவர் இருப்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.