சி டிரைவ் நிரம்பிவிட்டது. பழைய புகைப்படங்களை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். நண்பர் பழைய படங்களை அழிக்கச் சொல்கிறார், சர்வீஸ் கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஃபார்மட் போடச் சொல்கிறார், எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சோம்பேறிகள் சொல்லும் வழி.

உங்களுடையது 256 ஜிபி டிஸ்க், அதை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள், படங்கள் டி-யில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அப்படியென்றால் டி-யில் இருக்கும் கல்யாண ஆல்பம் முழுவதையும் அழித்தாலும் சி-யில் ஒரு எம்பி கூடக் கிடைக்காது. சி நிரம்பியதைக் காட்டும் சிவப்புக் கோடு சிவப்பாகவே இருக்கும், படங்கள்தான் போயிருக்கும். (256 வாங்கினேன், 238 தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இன்னொரு இடத்தில் புலம்பியிருந்தீர்கள். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.)

நான் பொறியியல் படித்தவன் அல்ல. தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர், போஸ்டர், அழைப்பிதழ் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். டிசைன் செய்கிறவனுக்கு டிஸ்க்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க யாராவது வருவார்கள், வரட்டும். பத்துக்கு எட்டடி பேனர் ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்து லேயர், அதாவது பட அடுக்கு, வைத்தால் கோப்பு ஒரு ஜிபியை நெருங்கும். அதோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் சொல்கிறேன்.

முதலில் எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் முழுவதையும் வண்ணக் கட்டங்களாகக் காட்டும். பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு. என் கணினியில் அதை முதன்முதலில் ஓட்டியபோது ஒரு மூலை முழுக்க ஒரே நிறம். தொட்டுப் பார்த்தால் ‘போட்டோஷாப் டெம்ப்’ என்ற பெயரில் வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றும் சில ஜிபி. போட்டோஷாப் வேலை செய்யும்போது டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதும், முறையாக மூடினால் தானே அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால்? அப்படியே கிடக்கும். எங்கள் தெருவில் மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை பள்ளம் தோண்டுவார்கள். தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுபடும். என் யுபிஎஸ் கிழவன், இரண்டு முறை கத்திவிட்டு உயிரை விட்டுவிடுவான். ஆக, ஒவ்வொரு மின்தடைக்கும் ஒரு கோப்பு என் சி டிரைவில் நினைவுச் சின்னமாக நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் போட்டோஷாப் பயன்படுத்தாவிட்டாலும் டெம்ப் ஃபோல்டர் உங்களுக்கும் உண்டு. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டெம்ப் என்பதை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தில் அடியுங்கள். திறந்திருக்கும் மென்பொருள்களை எல்லாம் மூடிவிட்டு உள்ளே இருப்பதை அழிக்கலாம்; பயன்பாட்டில் இருப்பதை விண்டோஸே விடாது, அவற்றைத் தாண்டிப் போங்கள். போட்டோஷாப்காரர்கள் பிரிஃபரன்சஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்கை, அதாவது அந்தத் தற்காலிகக் கோப்பு எழுதும் இடத்தை, டி-க்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஹைபர்னேஷன் கோப்பு. கணினியை உறங்க வைக்கும்போது ரேமில் இருப்பதை விண்டோஸ் எழுதி வைக்கும் இடம். இது மறைந்து கிடக்கும். வழக்கமாக ரேமில் சுமார் 40 சதவீத அளவு. 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். மேசைக் கணினிக்கு இது அவ்வளவு தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் போய்விடும். கணினி திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், பிறகு வந்து என்னைத் திட்டாதீர்கள். லேப்டாப் என்றால் விட்டுவிடுங்கள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் அப்டேட் மிச்சங்களை அழிக்கலாம். அண்மையில் விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தால் பழையது முழுவதும் அங்கே கிடக்கும்; பத்து நாளில் தானாகப் போகும், பொறுமையில்லாவிட்டால் இப்போதே அழிக்கலாம், ஆனால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று இருக்கும். அதில் டிக் வைக்காதீர்கள். குப்பைகளின் நடுவில் உங்கள் மார்க்‌ஷீட்டையும் உட்கார வைத்திருக்கிறார்கள், எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ. விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் பூதாகரமாகத் தெரியும், அதைக் கையால் தொடவே கூடாது.

இனி அந்த நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய படம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

போன வருடம் கடை மூடும் நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார், கூடவே அவருடைய தம்பி. வீட்டுக்காரர் அன்று மதியம் தவறிவிட்டார். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டும். “தம்பி, அவர் தனியாக எடுத்துக்கொண்ட படமே இல்லை. ஆதார் அட்டையில் இருக்கிறது, அதில் அவர் மாதிரியே இல்லை” என்றார். பல வருடங்களுக்கு முன்பு மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு என்னிடம்தான் பேனர் போட்டிருந்தார்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அந்தக் கோப்பு இருந்தது. பேனரில் அவர் ஓரத்தில் கட்டைவிரல் அளவுதான். ஆனால் வெளியே தெரியாமல் மறைத்து வைத்த லேயர் ஒன்றில் வெட்டாத மூலப் படம் கிடந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கட்டம்போட்ட சட்டையில், பக்கத்தில் நிற்கிறவரின் கை அவர் தோளில். அந்தக் கையை எடுத்துவிட்டு, வழக்கம்போல வெள்ளைச் சட்டை மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், அந்தச் சட்டையே இருக்கட்டும், நான் எடுத்துக் கொடுத்தது” என்றார்.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வாடிக்கையாளர் கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும் கடை எத்தனை என்று விசாரித்துப் பாருங்கள்.

படம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் பேனருக்கு வட்டம், பகுதி, கிளை என்று தெருவில் இருக்கிற அத்தனை தலைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியாகிவிட்டது. தபால்தலை அளவு முகத்தை அனுப்பிவிட்டு “அண்ணன் முகம் ஏன் மங்கலாக இருக்கிறது” என்று கேட்கிறார்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு எங்கள் தொழிலே பாதியாகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை, சாலையில் வைக்கக் கூடாது என்பது நியாயம்தான். மிச்சமிருக்கும் பாதியிலும் பாக்கி வைக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். அவர்கள் அனுப்பும் அத்தனையும் வாட்ஸ்அப் டெஸ்க்டாப் வழியாக சி டிரைவில்தான் சேருகிறது. உங்களுடையதிலும் குடும்பக் குழுக்களின் காலை வணக்கங்கள் சேர்ந்திருக்கும், அவற்றைத் தாராளமாக அழியுங்கள்.

எல்லாவற்றையும் கூகுளில் ஏற்றிவிடலாமே என்பார்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் ஜிமெயிலுக்கும் பங்கு. எனக்கு ஒரு வாரம் தாங்காது, உங்களுக்குத் தாங்கினால் செய்யுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள் என்று வருகிறவர்களுக்கு என் வணக்கம்.

இவ்வளவும் செய்து இடம் போதவில்லை என்றால் பெரிய எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி, இருப்பதை அப்படியே குளோன் செய்யச் சொல்லுங்கள். ஃபார்மட்தான் வழி என்று கடைக்காரர் அப்போதும் பிடிவாதம் பிடித்தால், என் படங்களை முதலில் எந்த டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பீர்கள், அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.