ரைன் கரைக் கோட்டைகளுக்குக் கார் வேண்டாம்

வாசகர் பயணக் கேள்விகள்

கேள்வி: எங்கள் மகன் ஜெர்மனியில் ஆஹன் நகரில் எம்.எஸ். படிக்கிறான். செப்டம்பரில் மூன்று வாரம் அவனோடு இருக்கப் போகிறோம். ரைன் நதியோரக் கோட்டைகளைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. அவனிடம் கார் கிடையாது. வாடகைக்கு எடுத்தாலும் சாலையில் வலது பக்கம் ஓட்ட எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கு முழங்கால் வலி உண்டு, கணவர் நன்றாக நடப்பார். இருவரும் சைவம். எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்கலாம்? எந்தக் கோட்டைக்குள் போகலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கார் இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர், சுமார் 40 கோட்டைகள். 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பள்ளத்தாக்கு இதுதான். கோப்லென்ஸை விட்டால் மைன்ஸ் வரை ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை. காரில் வருகிறவர்கள் அக்கரை போக ஃபெர்ரிக்குக் காத்து நிற்க வேண்டும். அப்புறம் பார்க்கிங் தேட வேண்டும். ரயிலோ இரண்டு கரையிலும் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. இடது கரைத் தடம் 1859-லும் வலது கரைத் தடம் 1862-லும் திறந்தவை. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்கும் கோட்டை மோகம் இருந்திருக்கிறது. ஆற்றோரம் உயர்ந்து நிற்கும் லோரலைப் பாறைப் பக்கம் சுரங்கப்பாதை வாசல்களையே கோபுரம் வைத்துக் கோட்டை மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

மைன்ஸில் நான் வேலை பார்த்த வருடங்களில் ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் அழைத்துப் போவேன். எல்லாரிடமும் ஒன்றைச் சொல்வேன், உங்களுக்கும் அதுதான்: எத்தனை கோட்டை பார்த்தோம் என்று கணக்கு வைக்காதீர்கள். படகிலிருந்து எல்லாவற்றையும் பாருங்கள், ஒரே ஒரு கோட்டைக்குள் போங்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கினால் மூன்றாவது கோட்டையில் முழங்கால் மட்டுமல்ல, மனசும் சலித்துப்போகும்.

இரண்டு ராத்திரி, மூன்று பகல் போதும். தங்க நான் சொல்வது போப்பார்ட் என்ற ஆற்றங்கரை ஊர். பாகராக் இதைவிட அழகான ஊர்தான், ஆனால் சின்னது. போப்பார்டில் ரயில் நிலையம், படகுத் துறை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் பக்கம் பக்கம், ஆற்றங்கரை நடைபாதையும் சமதளம். அறை எடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள். இரண்டு கரையிலும் சரக்கு ரயில்கள் ராத்திரி முழுக்க ஓடும். அந்தச் சத்தம் இந்தப் பள்ளத்தாக்கு மக்களே பல வருடமாகப் போராடும் விஷயம். ஆற்றைப் பார்த்த அறை என்று கூடுதல் பணம் கொடுத்துவிட்டு விடிய விடிய விழித்திருக்க வேண்டாம். தடத்துக்கு எதிர்ப்பக்க அறை கிடைத்தால் தூக்கம் உறுதி.

டிக்கெட் விஷயம். உங்கள் மூன்று வாரமும் ஒரே மாதத்துக்குள் அடங்கினால், ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’டுக்கு ஈடு எதுவும் இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய மாதச் சந்தா, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்கச் சாதாரண ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் செல்லாது. உங்கள் மகனையே எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் உங்கள் இருவர் பெயரிலும் தனித்தனியாக. பெயர் போட்ட டிக்கெட், மாற்றிக்கொள்ள முடியாது, சோதகர் வந்தால் பாஸ்போர்ட்டும் கேட்பார். சந்தா என்பதால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். இதை அவன் செல்போனில் நினைவூட்டலாகப் போட்டு வைக்கட்டும்.

முதல் நாள். ஆஹனிலிருந்து கொலோன் வழியாகக் கோப்லென்ஸ் வர, சாதாரண ரயிலில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாறினால் இருபது நிமிடத்தில் போப்பார்ட். சின்ன நிலையங்களில் ரயில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். கரையில் உட்காருங்கள், சரக்குப் படகுகள் போவதைப் பாருங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். காலையில் இடது கரை ரயிலில் பிங்கன் போய், அங்கிருந்து படகில் ஆற்றோடு இறங்கி போப்பார்டுக்கே வந்துவிடுங்கள். இந்தத் திசை முக்கியம். நீரோட்டத்தோடு வரும்போது பாகராக்கிலிருந்து சாங்க்ட் கோவாருக்கு முக்கால் மணி. அதே தூரத்தை எதிர்த்துப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பிங்கனிலிருந்து போப்பார்ட் வரை சும்மா உட்கார்ந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கே.டி. என்கிற பழைய கம்பெனியின் கப்பல்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. வேறு கம்பெனிகளும் உண்டு, ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. நடுவில் இறங்கி அதே கம்பெனியின் அடுத்த கப்பலில் ஏறலாமா என்று கேட்டு வாங்குங்கள். ரயில் டிக்கெட் படகுக்குச் செல்லாது, அதற்குத் தனிச் செலவு.

மேல் தளத்தில் உட்காருங்கள். செப்டம்பரிலும் காற்று குளிரும், உங்களுக்கு ஒரு சால்வை, கணவருக்கு ஒரு ஸ்வெட்டர். எந்தக் கோட்டை எது என்று தெரிய ஒரு நல்ல வழி உண்டு. கரையில் பெரிய எண் எழுதிய பலகைகள் நிற்கும். கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணிய கிலோமீட்டர் அது. 533 வந்தால் இடது கரைப் பாறைமேல் ரைன்ஸ்டைன். 543 பாகராக், மேலே ஸ்டாலெக். 546-ல் ஆற்றின் நடுவே ஃபால்ஸ் கோட்டை. 554-ல் லோரலைப் பாறை, தண்ணீரிலிருந்து 132 மீட்டர் உயரம். அந்த இடத்தில் ஆறு நெருங்கி வளைகிறது, ஒலிபெருக்கியில் அந்தப் பாறையைப் பற்றிய பழைய பாட்டு ஒன்று போடுவார்கள், எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், வளைவு தாண்டியதும் வலது கரையில் காட்ஸ் கோட்டை நன்றாகத் தெரியும். அது தனியார் சொத்து, உள்ளே விடமாட்டார்கள். எதிரே இடது கரையில் பெரிய இடிபாடாகப் படர்ந்து கிடப்பது ரைன்ஃபெல்ஸ். 1245-ல் கட்டத் தொடங்கியது. 1692-ல் பதினான்காம் லூயியின் படை முற்றுகையிட்டும் விழவில்லை. 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படைக்குச் சண்டையே இல்லாமல் விட்டுக்கொடுத்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உங்கள் கணவருக்கு விருப்பம் இருந்தால் சாங்க்ட் கோவாரில் இறங்கி ஏறிப் பார்க்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் அங்கே ஃபெர்ரியில் அக்கரை போய்த் திரும்புங்கள். சில நிமிடப் பயணம், ஆனால் ஆற்றின் இழுப்பு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். படகு நேராகப் போகாது, மூக்கை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிச் சாய்வாகக் கடக்கும்.

மூன்றாம் நாள், நீங்கள் உள்ளே போக வேண்டிய கோட்டை: பிரௌபாக் ஊரின் மார்க்ஸ்புர்க். காலையில் கோப்லென்ஸ் வந்து, நிலைய லாக்கரில் பெட்டிகளை வைத்துவிட்டு, வலது கரை ரயிலில் ஏறினால் கால் மணியில் பிரௌபாக். வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும்.

ஏன் மார்க்ஸ்புர்க்? இந்தப் பள்ளத்தாக்கின் மலைக் கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றுதான். மற்றவற்றில் பல 1689 வாக்கில் பிரெஞ்சுப் படை தகர்த்தவை, 19-ம் நூற்றாண்டில் பணக்காரர்களும் இளவரசர்களும் தங்கள் கற்பனைக்கு ஏற்பத் திரும்பக் கட்டியவை. படகிலிருந்து அவ்வளவு பழசாகத் தெரியும் ரைன்ஸ்டைன்கூட 1820-களில் ஒரு பிரஷ்ய இளவரசர் புதுப்பித்ததுதான். மார்க்ஸ்புர்க்கை 1900-ல் ஜெர்மன் கோட்டைச் சங்கம் வாங்கியது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆங்கில வழிகாட்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஊரிலிருந்து மேலே நடந்தால் அரை மணி ஏற்றம், அதற்கு டாக்ஸி பிடியுங்கள். ஆனால் வாசலுக்கு உள்ளே பாறையையே செதுக்கிய சரிவுப் படிகள். குதிரை ஏறுவதற்காக வெட்டியவை. ஒன்று அகலம், ஒன்று குறுகல், நடுவில் மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கும். கைத்தடியும் பிடிமானமுள்ள ஷூவும் கட்டாயம். செருப்போடு போகவே கூடாது. என் மாமியாருக்கும் முழங்கால் பிரச்சினைதான். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிட்டார். சமையலறைக்குள் நுழைந்ததும், ஆள் நின்றால் தலை இடிக்காத அந்த அடுப்பைப் பார்த்து, “இதுக்கு யாரு இவ்ளோ விறகு தூக்கிட்டு ஏறுனது?” என்று கேட்டார். வழிகாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் பீரங்கி மேடைக்குப் போகாமல் அங்கேயே நின்று தண்ணீர், விறகு, உப்புக் கண்டம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். நீங்களும் தயங்காமல் கேளுங்கள். பெரிய கூடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மரக்கதவு இருக்கும், அதையும் பாருங்கள். சுவருக்கு வெளியே தொங்கும் கழிப்பறை. கீழே நேராகப் பாறைதான்.

படி ஏற முடியாது என்று தோன்றினால் வருத்தம் வேண்டாம். கோப்லென்ஸில் ஆற்றுக்கு மேலே கேபிள் காரில் ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்குப் போகலாம். அந்தக் கேபிள் கார் 2011 தோட்டக் கண்காட்சிக்காகக் கட்டியது. கோட்டையோ 19-ம் நூற்றாண்டுப் பிரஷ்ய ராணுவக் கோட்டை, மார்க்ஸ்புர்க்கின் நெருக்கம் அங்கே வராது. ஆனால் மோசல் ஆறு ரைனில் கலக்கும் இடம் மேலிருந்து முழுசாகத் தெரியும். கேபிள் கார் அன்றைக்கு ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு. ஃப்ளாம்கூகன் என்று மெல்லிய ரொட்டியில் கிரீம் தடவிச் சுட்டுத் தருவார்கள், வழக்கமாகப் பன்றிக்கறித் துண்டு போடுவார்கள். “ஓனே ஷ்பெக்” என்று சொன்னால் கறி இல்லாமல் வரும். உருளைக்கிழங்கு அடை ஆப்பிள் கூழோடு கிடைக்கும், உங்களுக்குப் பிடிக்கும். காய்கறி சூப் என்றாலும் கறி வேகவைத்த தண்ணீரா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே தயிரும் பழமும் வாங்கி வையுங்கள். சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்தால் குக்கர் கவலையும் இல்லை.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஓபர்வேசலிலும், மூன்றாம் சனிக்கிழமை சாங்க்ட் கோவாரிலும் ஆற்றின் மேல் பெரிய வாணவேடிக்கை. அந்த வார இறுதிகளில் அறை கிடைக்காது, ரயிலில் நிற்க இடம் கிடைக்காது. வார நாட்களில் வாருங்கள், திங்களை விட்டுவிடுங்கள். மார்க்ஸ்புர்க் திறந்திருந்தாலும் வேறு பல கோட்டைகளுக்கு அன்று விடுமுறை. தடப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவதும் உண்டு. முந்தின நாள் ராத்திரி ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நாவிகேட்டர் ஆப்பில் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆற்றின் நடுவில் இருக்கும் கோட்டையைப் படத்தில் பார்த்த என் பத்து வயது மகள், அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உள்ளே போக முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: முடியும். காவுப் ஊர் நிலையத்தில் இறங்குங்கள், கரையிலிருந்து சின்னப் படகு போகும். அங்கே ராஜா ராணி யாரும் வாழவில்லை, சுங்கம் வசூலிப்பவர்கள் இருந்தார்கள். 1327 வாக்கில் ஜெர்மன் மன்னர் லூட்விக் கட்டியது. வரும் சரக்குப் படகெல்லாம் நின்று பணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த நதியில் இத்தனை கோட்டை இருப்பதற்கு இந்தச் சுங்கமும் ஒரு பெரிய காரணம். 1866-ல் பிரஷ்யா இந்தப் பகுதியை எடுத்துக்கொண்ட பிறகுதான் இங்கே வசூல் நின்றது. ஆறு மேலிருந்து வரும் பக்கம் சுவர் ஏன் கப்பல் முனை மாதிரி கூராக இருக்கிறது என்று மகளிடமே கேளுங்கள். வெள்ளமும் பனிக்கட்டியும் மோதிப் பிளந்து போவதற்காக.

நீர்மட்டம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகமானாலும் குறைந்தாலும் படகு போகாது. காவுப் அளவுகோலைத்தான் ஜெர்மனியின் கப்பல் கம்பெனிகள் தினமும் பார்க்கின்றன. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்றின் ஆழமே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அளவுகோல் காட்டும் எண். ஆனால் சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் தவித்த வருடம் அது.

கேள்வி: டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு மீட்டிங். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. அப்போது ரைன் போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: படகை மறந்துவிட்டால் போகலாம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வலது கரை ரயிலில் பிரௌபாக் வரை மாறாமல் போகலாம், ஆறு முழுக்க இடது ஜன்னலில். மார்க்ஸ்புர்க் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், 24, 25 தேதிகள் தவிர. திரும்பும்போது ரூடஸ்ஹைமில் இறங்கினால் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும். கோட்டைக்குள் ஹீட்டர் கிடையாது. மீட்டிங்குக்குப் போட்ட ஷூவோடு அந்தப் பாறைப் படியில் ஏறாதீர்கள், தடிமனான காலுறையும் வேறு ஷூவும் பையில் இருக்கட்டும்.