தோப்புக் காவலுக்கு இரண்டு ராஜபாளையம் குட்டிகள்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பும் 25 செம்மறி ஆடுகளும் இருக்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ராஜபாளையம் குட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஒன்று ஆண், ஒன்று பெண். 45 நாளில் எடுத்துப்போகச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் விடப்போவதில்லை, தோப்பிலேயே வளர வேண்டும். இரவில் அப்பா மோட்டார் கொட்டாயில்தான் படுப்பார். என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: 45 நாளில் வாங்காதீர்கள். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி, விற்பனை விதிகளே சொல்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்வது இந்த வாரங்களில்தான். அதைக் கற்காத குட்டி பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில்தான் பழகும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் காதைச் சோதியுங்கள். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று நாம் தேடிப் போகிற அடையாளத்தோடு சேர்ந்தே வருகிற குறை அது. நிறம் தரும் செல்கள் தோலில் மட்டுமல்ல, உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை வாங்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதித்தால் இது தெரியவே தெரியாது. ஒன்று தலையைத் தூக்கினால் செவிட்டுக் குட்டியும் அதைப் பார்த்துத் தூக்கும். ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து வாருங்கள். அது அசந்து தூங்கும்போது நான்கைந்து அடி பின்னால் நின்று, நிழல் அதன்மேல் விழாமல், பிளாஸ்டிக் கவரைக் கசக்குங்கள். கை தட்டினால் காற்று படும், காலை உதைத்தால் தரை அதிரும், இரண்டும் ஏமாற்றிவிடும். காது மடல் துடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு விழித்திருக்கும்போது இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சத்தம் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பக்கமே திரும்புகிற குட்டிக்கு ஒரு காதுதான் கேட்கிறது. முழுச் செவிடு தோப்புக்கு ஆகாது. பாம்பும் தெரியாது, டிராக்டரும் தெரியாது. தூக்கத்தில் தொட்டால் பதறிக் கடிக்கும்.

இனி இரண்டையும் சேர்த்து வளர்ப்பதைப் பற்றி. ‘ரெண்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு துணை’ என்பார்கள். துணைதான், ஆனால் அளவு மிஞ்சினால் அவற்றின் நடுவே உங்களுக்கு இடமே இருக்காது. இரவும் பகலும் ஒன்றாகவே கிடக்கும் குட்டிகள் ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்த்து நடக்கும், நீங்கள் கூப்பிட்டால் வராது. ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மற்றது ஊளையிட்டே ஓயும். ஆகவே இரண்டு தனித்தனி நாய்கள் என்று நினைத்தே வளர்க்க வேண்டும். வந்த முதல் நாளிலிருந்து தட்டு தனி, இரண்டுக்கும் இடையே 10 அடி தூரம். முதல் இரண்டு வாரம் இரவில் சேர்ந்து படுக்கட்டும். 10-வது வாரத்திலிருந்து நடுவில் வலை வைத்துப் பிரியுங்கள். பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், ஒன்றின்மேல் ஒன்று படுக்க முடியாது. தினமும் காலையும் மாலையும் 15 நிமிடம் ஒவ்வொன்றும் ஒரு ஆளோடு தனியாக இருக்க வேண்டும். பெயர் சொன்னால் வருவது, கயிற்றில் நடப்பது எல்லாம் அந்த நேரத்தில். சேர்ந்து விளையாட ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும். ஆணும் பெண்ணுமாக எடுத்தது நல்லதுதான். இரண்டும் பெண்ணாக இருந்திருந்தால் ஒன்றரை வயதில் ரத்தம் பார்க்கும் சண்டை வர வாய்ப்பு அதிகம்.

ஆடுகளுடன் பழகுவதை 14 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மனசு திறந்திருக்கும் வயது அது. 15 அடிக் கயிற்றில் ஒரு குட்டி, எதிரே பட்டி, ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அமைதியாக இருந்தால் ஒரு துண்டுக் கறி. இரண்டையும் ஒன்றாகப் பட்டிக்குள் விடவே வேண்டாம். ராஜபாளையம் காட்டுப்பன்றியைத் துரத்திய இனம். ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும். ஓடுகிற ஆட்டைத் துரத்துவதில் ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அதை மறக்கடிப்பது லேசல்ல. முரட்டுக் கிடா இருந்தால் தனியே கட்டிவிடுங்கள். குட்டியை ஒரு முட்டு முட்டினால் விலா எலும்பு போய்விடும்.

அடுத்தது கொட்டகை. உங்கள் மண்ணில் எதிரி குளிரல்ல, சித்திரை வைகாசி வெயில். மேற்குச் சுவர் முழுதாக அடைத்திருக்க வேண்டும், வாசல் கிழக்கே, வாசலுக்கு மேல் 3 அடி தாழ்வாரம். ஐப்பசி மழைச் சாரல் கிழக்கிலிருந்துதான் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் 4 அடிக்கு 5 அடி படுக்கும் அறை, அதற்கு முன்னால் இரண்டுக்கும் பொதுவாக 12 அடிக்கு 10 அடி முற்றம். தரை மண்ணிலிருந்து ஒரு அடி உயரம், ஐந்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம், சிமெண்டைச் சொரசொரப்பாக விடுங்கள். மொழுமொழுவென்று பூசினால் வளரும் குட்டியின் பின்கால் வழுக்கி வழுக்கி இடுப்பு கெடும். படுக்க நான்கு அங்குல உயரத்தில் ஒரு பலகை, மேலே சாக்கு. சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். கூரை வெறும் ஷீட்டாக இருந்தால் உள்ளே அடுப்பு. ஷீட்டுக்கு மேலே அரை அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள். கீற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிப் பழையதை எரித்துவிட வேண்டும், ஏனென்று கீழே சொல்கிறோம்.

முற்றத்துக்கு உங்கள் பக்கத்துக் கல் கால்களே போதும். உயரம் 6 அடி, வலைக் கண் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அடியில் ஒரு அடி ஆழம் கல்லடுக்கிப் பூசிவிடுங்கள், தோண்டும். மேலேயும் கெட்டியான வலை கட்டாயம். பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரங்களில் சிறுத்தை இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாய் அதற்குப் பிடித்த இரை. காவல் என்று சொல்லி இரவில் சங்கிலியில் கட்டிப்போட்டால் அது காவல் இல்லை, தூண்டில் புழு. ஒரு வயது வரை இருட்டியதும் இரண்டும் உள்ளே, அப்பா படுக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். பெரிதான பிறகும் சிறுத்தை நடமாட்டம் கேள்விப்பட்டால் உள்ளேதான். நாய் குரைத்து ஆளை எழுப்பினால் போதும், மோத வேண்டியதில்லை.

வெயிலுக்கு இன்னொன்று. வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு கொப்பளிக்கும். மனிதர் பூசும் வெயில் களிம்பைத் தடவாதீர்கள், நக்கினால் அதிலுள்ள துத்தநாகம் விஷம். புங்கம், வேம்பு நிழல்தான் மருந்து. அக்னி நட்சத்திரத்தில் நடை காலை 7 மணிக்குள், மாலை 6 மணிக்கு மேல். நாக்கு தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் சாதாரண தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாடு 6 மாதம் வரை முக்கியம். 2 மாதத்தில் 4 கிலோ இருக்கும் குட்டிக்கு நாளுக்குச் சுமார் 300 கிராம், நான்கு வேளையாக. 3 மாதத்திலிருந்து மூன்று வேளை, 6 மாதத்தில் இரண்டு. பாதி கறி அல்லது முட்டை, பாதி சோறோ கேழ்வரகுக் கூழோ, ஒரு கை முருங்கைக்கீரை. அரைக் கிலோ கறிக்கு அரை டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி சேர்த்தால் சுண்ணாம்புச் சத்துக்குப் போதும். அதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்றினால் கால் வளையும். பால் கொடுத்துப் பேதி வந்தால் நிறுத்திவிடுங்கள். வெந்த எலும்பு கூடாது, சிம்பாக உடையும். கடைசி விலா லேசாகத் தெரிவதுதான் இந்த இனத்துக்கு அழகு, கொழுக்க வைக்காதீர்கள்.

இரண்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடு வெட்டும்போது நீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரலைப் பச்சையாகத் தூக்கிப் போடாதீர்கள். நாயின் குடலில் அது நாடாப்புழுவாகி, அதன் முட்டை மலம் வழியாக உங்கள் வீட்டாரின் ஈரலில் கட்டியாக வந்து நிற்கும். அப்படிப்பட்ட உறுப்பை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்யுங்கள். மற்றது, தோல் பதனிடும் ஊர்ப்பக்கம் என்பதால் தோல் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். கடித்து விளையாடட்டும் என்று கொண்டுவராதீர்கள். குரோமியம் ஏற்றிய தோல் அது. தேங்காய் மட்டையைக் கொடுங்கள், நாரை விழுங்காமல் பார்த்துக்கொண்டு.

தடுப்பூசி: 6 முதல் 8 வாரத்தில் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் முதல் கூட்டு ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. 12 வாரத்துக்கு மேல் வெறிநோய்த் தடுப்பூசி, பின் ஆண்டுதோறும். எலியும் தேங்கிய நீரும் உள்ள இடம் என்பதால் எலிக்காய்ச்சலும் சேர்ந்த ஊசியாகக் கேளுங்கள். முந்தைய நாய்க்குட்டி ரத்தப் பேதியில் செத்த இடமானால் ஓராண்டுக்கு அங்கே குட்டி வைக்க வேண்டாம். அந்தப் பேதியைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பூச்சி மருந்து 3 மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்தால் கொக்கிப்புழு. நாள் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

உண்ணியைத் தோப்பில் ஒழிக்க முடியாது, அடக்கலாம். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி ஆமணக்கு விதை போல இருக்கும். அது நாயிலிருந்து விழுந்து சுவரில் மேலே ஏறி, விரிசலிலும் கீற்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டால் மறு மாதமே திரும்ப வரும். விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தடவுங்கள். வெள்ளை நாயில் இது ஒரு வசதி, சட்டென்று தெரியும். ஆட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டிக்கு ஊற்றாதீர்கள், நடுக்கம் வந்து செத்துப்போகும். காய்ச்சல், மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை.

பாம்புக்குச் சிறியாநங்கை நடுவது பலிக்காது. எலியைக் குறையுங்கள், கொட்டகையைச் சுற்றி 10 அடிக்கு மட்டை, கீற்றுக் குவியல் இல்லாமல் வையுங்கள். கடித்தால் கட்டும் வேண்டாம், கீறவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ என்றால் முகமோ காலோ வீங்கும், நாகமோ கட்டுவிரியனோ என்றால் பின்கால் தள்ளாடி எச்சில் வடியும். மனிதருக்குப் போடும் பாம்பு விஷ முறிவு மருந்துதான் நாய்க்கும். எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருப்பு உண்டு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பெண் குட்டி 8 முதல் 14 மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். அண்ணன் தங்கை என்ற கணக்கு நாய்க்குக் கிடையாது. கூடினால் பிறக்கும் ஈற்றில் செவிட்டுக் குறை கூடும். வலைத் தடுப்பை நம்பாமல் ஆணை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் முழுதும் வையுங்கள், ஒரு வயதுக்கு மேல் காயடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பத்து நாளில் ரத்தம் குறைந்ததும் முடிந்துவிட்டது என்று அவிழ்த்துவிடுவார்கள். இணையும் நாட்கள் தொடங்குவதே அப்போதுதான்.