கேள்வி பதில்: ஏரிக்கரையில் எழும் டிஸ்னி விடுதி

ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில், பே லேக் ஏரியின் கரையில் எழுந்துகொண்டிருக்கும் புதிய விடுதியின் கட்டுமானம் குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகள் என்பதால் அவற்றைச் சேர்த்து இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: இந்த இடத்தைப் பற்றிப் படிக்கும்போது ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ என்றும் ‘லேக்‌ஷோர் லாட்ஜ்’ என்றும் இரண்டு பெயர்கள் வருகின்றன. இரண்டும் ஒரே விடுதிதானா? 2018-இல் அறிவித்ததை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்றால் எங்கே கோளாறு?

பதில்: இடம் ஒன்று, திட்டங்கள் இரண்டு. வில்டர்னஸ் லாட்ஜ் விடுதிக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம் திடலுக்கும் நடுவே உள்ள அந்தக் கரையில் 1976 முதல் 2001 வரை ‘ரிவர் கன்ட்ரி’ என்ற நீர் விளையாட்டுப் பூங்கா இயங்கியது. 2001 இறுதியில் வழக்கமான பருவகால விடுமுறைக்காக மூடப்பட்ட அது பிறகு திறக்கப்படவே இல்லை. இனித் திறக்கப்படாது என்று 2005-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் அதன் சறுக்குகளும் குளங்களும் புதர் மண்டிக் கிடந்தன. 2018 அக்டோபரில், 900-க்கும் மேற்பட்ட அறைகளோடு ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ என்ற விடுதி அங்கே 2022-இல் திறக்கப்படும் என்று டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. பழைய கட்டுமானங்களை இடித்து அப்புறப்படுத்தி, நிலத்தைச் சீர்செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 2020-இல் பெருந்தொற்று வந்தது, வேலை நின்றது, பின்னர் திட்டமே கைவிடப்பட்டது. அதே மனையில் திருத்திய வடிவமைப்போடு மீண்டும் தொடங்கப்பட்டதுதான் 2027-இல் திறக்கப்படும் என்று நிறுவனம் சொல்லியிருக்கும் ‘டிஸ்னி லேக்‌ஷோர் லாட்ஜ்’.

ஆகவே 2018-இலிருந்து ஆண்டுகளை எண்ணி, இத்தனை காலமாகக் கட்டுகிறார்களே என்று வியப்பது சரியான கணக்கு ஆகாது. இடையில் வேலையே நடக்காத ஆண்டுகள் பல.

கேள்வி: தொடக்கத்தில் மாதக்கணக்கில் மண்ணைக் கொட்டுவதும் அள்ளுவதுமாகவே படங்கள் வந்தன. ஏரிக்கரையில் கட்டுவது அத்தனை கடினமா, அல்லது ஆமை வேகமா?

பதில்: மத்திய ஃபுளோரிடாவில் தரையைச் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். மேலே மணல், இடையிடையே மக்கிய தாவரப் பொருள் நிறைந்த கரிய சதுப்பு மண், ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை என்பது அந்த வட்டாரத்தின் பொதுவான அடுக்கு. சதுப்பு மண் பாரம் தாங்காது; மேலே எடை ஏற ஏற அமுங்கிக்கொண்டே போகும். அதை முழுவதுமாக வெட்டி அகற்றி மணலால் நிரப்ப வேண்டும், அல்லது கட்டடத்தின் எடைக்கு ஈடாக மணலை மேடாகக் குவித்து, நிலம் அமுங்க வேண்டிய மட்டும் முன்கூட்டியே அமுங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது முறையில், படம் பார்க்கிறவருக்கு மாதக்கணக்கில் ஒரு மண்மேடு சும்மா கிடப்பதாகத்தான் தெரியும். அந்தக் காத்திருப்பே அங்கே வேலை. சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த பொந்துகள் இருக்கக்கூடும் என்பதால், பல இடங்களில் துளையிட்டு மண் மாதிரி எடுத்துப் பார்க்காமல் எந்தப் பொறியாளரும் அஸ்திவார வரைபடத்தில் கையெழுத்திட மாட்டார்.

அதற்குப் பிறகு நீர். பள்ளத்தைச் சுற்றி வரிசையாகக் குழாய்களை இறக்கி, பம்பு வைத்து இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்தால்தான் உலர்ந்த குழியில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட முடியும். இறைத்த நீரை அப்படியே ஏரியில் விட்டுவிடவும் முடியாது. அது கலங்கல் நீர். வண்டலைப் படியவிட்டுத் தெளிந்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்பது விதி. கரையோரத்தில் நீரில் மிதக்கும் மஞ்சள் நிறத் தடுப்பு ஒன்றைப் படங்களில் கண்டால், அது கரையிலிருந்து சரியும் மண் ஏரிக்குள் பரவாமல் தடுக்கும் திரை என்று கொள்ளலாம். மழைநீரைத் தேக்கிவைக்கும் குட்டைகளும் கட்டடத்துக்கு முன்பே வெட்டப்படுகின்றன. மண்ணும் நீரும் அடங்குவதற்கு முன் சுவரைத் தூக்கிக் காட்டும் ஒப்பந்தக்காரரைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: அந்த ஏரி இயற்கையானதா, வெட்டியதா?

பதில்: பே லேக் இயற்கை ஏரி. அதன் மேற்கே மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு எதிரில் உள்ள செவன் சீஸ் லகூன்தான் வெட்டப்பட்டது. அங்கே தோண்டிய மண், மேஜிக் கிங்டத்தின் தரையை உயர்த்தப் பயன்பட்டது. பூங்காவின் அடியில் ஊழியர்கள் நடமாடும் சுரங்க வழிகள் உண்மையில் பழைய நிலமட்டத்தில் கட்டப்பட்டவை. இங்கும் நிலத்தடி நீர்தான் காரணம்: கீழே தோண்ட முடியாததால் மேலே நிரப்பினார்கள். பே லேக்கின் நீர் மரப்பட்டை, இலைச் சாறு கலந்து தேநீர் நிறத்தில் இருந்ததால், 1971-இல் வளாகம் திறப்பதற்கு முன் ஏரியை வடித்துச் சேற்றை அகற்றினார்கள். அடியில் கிடைத்த வெண்மணலே கரைகளில் பரப்பப்பட்டது.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் மாணவன். ஒரு விடுதியின் சட்டகம் கூரை வரை எழுந்துவிட்டால் வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாமா? படங்களை வைத்து முன்னேற்றத்தை எப்படி மதிப்பிடுவது?

பதில்: முக்கால் பங்கு என்று கொண்டால் ஏமாந்துபோவீர்கள். விடுதிக் கட்டடத்தில் எல்லாத் தளங்களும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. கான்கிரீட் வார்க்கும் ஒரே அச்சுப்பலகையை மேலே மேலே நகர்த்தி அடுக்க முடியும் என்பதால் சட்டகம் வேகமாக எழும். அறைக்குள் நடப்பதே நீண்ட வேலை. ஓர் அறைக்குக் குளியலறை ஒன்று, அதற்கு நீர்க்குழாய், கழிவுக்குழாய், வெளியேற்று விசிறி, மின்கம்பி, தீயணைப்புத் தூவி, குளிர்சாதனம், கதவுப் பூட்டுக்கான கம்பி என்று கணக்கிட்டு, அதை நூற்றுக்கணக்கால் பெருக்கிப் பாருங்கள். வீடு கட்டுகிறவர்கள் ஒரு குளியலறைக்கே எத்தனை முறை பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

படத்தில் உயரத்தைப் பார்க்காதீர்கள், ஜன்னல்களைப் பாருங்கள். சட்டகத்தில் ஜன்னல் இடம் கறுத்த ஓட்டையாக இருக்கும்வரை உள்ளே மழையும் ஈரக்காற்றும் புகும். ஃபுளோரிடாவின் கோடை ஈரத்தில் ஜிப்சம் பலகைகளை அந்த நிலையில் பொருத்தினால் சில நாள்களிலேயே காகித உறையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். பிடித்த பலகையைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே கூரையின் நீர்த்தடுப்புப் படலமும் ஜன்னல் கண்ணாடிகளும் பொருந்தி, கட்டடம் மழைக்கு மூடிக்கொள்ளும் நாளே கால அட்டவணையில் பெரிய நாள். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை இரண்டு வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு ஆட்கள்.

இன்னோர் அடையாளம், வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் லிஃப்ட். தொழிலாளரையும் பொருளையும் ஏற்றும் அந்தத் தற்காலிக லிஃப்ட் நிற்கும் பத்தியில் மட்டும் சுவர் மூடப்படாமல் ஓர் இடைவெளி கீழிருந்து மேல்வரை தெரியும். லிஃப்டைப் பிரித்து அந்தப் பத்தியை மூடினால், உள்ளே நிரந்தர லிஃப்டுகள் ஓடத் தொடங்கிவிட்டன, கனமான பொருள்கள் உள்ளே போய்விட்டன என்று ஊகிக்கலாம். டவர் கிரேனை இறக்குவது அதைவிடப் பரபரப்பாகப் பேசப்படுகிறது. ஆனால் அது தூக்க வேண்டியதைத் தூக்கி முடித்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

கடைசிக் கட்டத்தை எந்தப் படமும் காட்டாது. தூவிகளின் அழுத்தச் சோதனை, புகை எச்சரிக்கைச் சோதனை, அறை அறையாகக் குறைகளைக் குறித்துத் திருத்தும் பட்டியல், குடியேற அனுமதிச் சான்று ஆகியவை முடியும்வரை வெளியே பளபளவென்று நிற்கும் கட்டடம் சட்டப்படி ஆள் தங்கக் கூடாத கட்டடம்தான்.

கேள்வி: டிஸ்னியில் முன்பு ஒரு விடுதியின் அறைகளைத் தனியே செய்து, மேசை இழுப்பறை போலச் சட்டகத்துக்குள் செருகினார்களாமே? அப்படியே இதையும் முடித்துவிடலாமே?

பதில்: அதே ஏரியின் கரையில் 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட காண்டெம்பரரி விடுதியைத்தான் குறிப்பிடுகிறீர்கள். யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் அருகிலேயே ஒரு பணிமனை அமைத்து, குளியலறைச் சாமான்கள் வரை பொருத்திய அறைப் பெட்டிகளைச் செய்தது. அவற்றை லாரியில் கொண்டுவந்து, எஃகுச் சட்டகத்துக்குள் கிரேனால் ஏற்றி வைத்தார்கள். பழுதானால் அறையை வெளியே இழுத்துப் புதுப்பிக்கலாம் என்ற கதை இன்றும் உலவுகிறது. ஆனால் ஓர் அறையும் அப்படி இழுக்கப்பட்டதில்லை. இன்று உலகெங்கும் பெரிய விடுதிகளில் குளியலறையை மட்டும் முழுமையாகத் தொழிற்சாலையில் செய்து ஏற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு அது மருந்து. அஸ்திவாரத்துக்கும் அனுமதிக்கும் ஆகும் காலத்தை அது குறைக்காது.

கேள்வி: மோனோரயில் இந்த விடுதிக்கு நீளுமா?

பதில்: பக்கத்து விடுதியான வில்டர்னஸ் லாட்ஜ் 1994-இல் திறந்ததிலிருந்து அதற்கே நீளவில்லை. படகையும் பேருந்தையும் நம்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூறாவளிக் காலத்தில் பாதி கட்டிய கட்டடம் என்ன ஆகும்?

பதில்: அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; ஏறத்தாழ அரை ஆண்டு. அந்த மாதங்களை ஒதுக்கிவிட்டுக் கட்ட இயலாது என்பதால், ஆயத்தத்தையே வேலையின் பகுதியாக வைத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் தளர்ந்து கிடக்கும் பலகை, தகடு, நுரை அட்டை அனைத்தையும் கட்டி வைப்பார்கள் அல்லது அகற்றுவார்கள்; காற்றில் பறக்கும் ஒரு தகடு பக்கத்து விடுதியின் ஜன்னலுக்கு ஆயுதமாகிவிடும். டவர் கிரேனின் சுழல் தடையை விடுவித்து, காற்றடிக்கும் திசைக்கேற்பக் கை தானே திரும்பும்படி விட்டுவிடுவார்கள். இறுக்கிக் கட்டினால்தான் ஆபத்து. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி வந்தபோது பூங்காக்களே மூடப்பட்டன. ஆனால் ஆண்டு முழுவதற்குமாகக் கணக்கிட்டால், சூறாவளியைவிடக் கோடைப் பிற்பகல்களின் இடிமின்னல் தின்னும் நேரம் அதிகமாக இருக்கும். மின்னல் அருகில் விழுந்தால் கிரேன் நிற்க வேண்டும். கூரையில் இருப்பவர்கள் இறங்க வேண்டும். அது ஓய்ந்து சற்று நேரம் சென்ற பிறகே ஏற வேண்டும்.

கேள்வி: நிறுவனம் சொல்வதைத் தவிர வேறு நம்பகமான தகவல் கிடைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஃபுளோரிடாச் சட்டப்படி, பணி தொடங்குவதற்கு முன் ‘பணித் தொடக்க அறிவிப்பு’ ஒன்றை மாவட்டப் பதிவேட்டில் பதிய வேண்டும். பே லேக் பகுதிக்கு அது ஆரஞ்ச் கவுன்ட்டி. மனை, உரிமையாளர், ஒப்பந்தக்காரர், வேலையின் பொதுவான தன்மை ஆகியவை அதில் இருக்கும், யாரும் பார்க்கலாம். வேறு தேதி குறிப்பிடப்படாவிட்டால் அந்த அறிவிப்பு ஓராண்டுக்குச் செல்லும். ஆகவே அதில் ஒரு முடிவுத் தேதி போட்டிருந்தால், திறப்பு நாள் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாராளமாக இடம்விட்டு எழுதுவதே வழக்கம். மழைநீர் வடிகாலுக்கான விண்ணப்பங்கள் தெற்கு ஃபுளோரிடா நீர் மேலாண்மை மாவட்டத்தில் இருக்கும்; கட்டடங்களின் இருப்பிட வரைபடத்தை முதலில் காணக்கூடிய இடம் பெரும்பாலும் அதுவே. கட்டட அனுமதி, 1967-இல் ரீடி கிரீக் என்ற பெயரில் உருவாகி 2023-இல் மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று மாற்றப்பட்ட அமைப்பின் கையில் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகள், டிஸ்னியின் விடுமுறை உறுப்பினர் திட்டத்தில் இந்த விடுதியின் பங்கைத் திறப்பதற்கு முன்பே வாங்கலாமா என்று யோசிக்கிறாள். கட்டி முடிவதற்குள் வாங்குவது சரியா?

பதில்: பங்கு என்பது இங்கே நிறுவனப் பங்கு அல்ல; முன்னதாகப் பணம் கட்டி, ஆண்டுதோறும் விடுதியில் தங்கும் உரிமையை வாங்குவது. லேக்‌ஷோர் லாட்ஜ் அந்தத் திட்டத்தைச் சேர்ந்த விடுதியாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. கைவிட்ட மனைக்கு நிறுவனம் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு; பங்குகளாக விற்கும்போது கட்டுமானச் செலவு அறை வாடகைக்குக் காத்திராமல் முன்னதாகவே திரும்புகிறது. வாங்குகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. பங்கு விலையோடு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் உண்டு, அது ஏறக்கூடியது. 2019 முதல் சில புதிய விடுதிகளின் பங்குகளை மறுவிற்பனையில் வாங்குகிறவர்களுக்குப் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டுள்ளன. அது பின்னாளில் விற்க நினைக்கும்போது விலையைப் பாதிக்கும். அந்த நிபந்தனை இந்த விடுதிக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். ஒருவேளை கையெழுத்திட்டுவிட்டால், ஃபுளோரிடாவின் பங்கு விடுதிச் சட்டம் 10 நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையைத் தருகிறது. கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து அந்த 10 நாள்களை எண்ண வேண்டும்.